தகுதியை அளக்கும் கோல் யார் கையில்?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். வாழ்நாளின் பெரும் பகுதியை லேத்து இயந்திரத்தின் முன் நின்று கழித்தவன். பின்னர்ச் சில ஆண்டுகள் தொழிற்பயிற்சி மாணவர்க்கு அதே வேலையைக் கற்பித்தவன். ஆகவே, சொல் அழகை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்குத் தரப்பட்டுள்ள பொருள், "வேலைக்கு ஆள் எடுப்போர் சான்றிதழைவிடத் திறமையையே பெரிதாகக் கொள்ள வேண்டுமா?" என்பதாகும்.

இது வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று என்பதை இங்குள்ள உறுப்பினர்கள் அறிவார்கள். வெள்ளி விழா நிதியைக் கொண்டு என்ன செய்வது என்பதில் நமக்குள்ளேயே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. "பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலையின்றித் திரிகிறார்கள், இனி மாலை வகுப்பும் தேர்வுப் பயிற்சியும் எதற்கு? நான்கு இயந்திரங்களை வாங்கிப் போட்டுத் தொழிலைக் கற்றுக் கொடுப்போம்" என்கின்றனர் ஒரு சாரார். "நம் பிள்ளைகளை மீண்டும் பட்டறைக்கே அனுப்பவா இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டோம்?" என்று கேட்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் பிள்ளைகளின் நலனையே எண்ணிப் பேசுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. என் பட்டறிவையும் நான் படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

வாயிற்படியில் நின்ற கதை

நமது மேற்குப் புறநகரின் வரலாறே தொழிற்சாலைகளின் வரலாறுதான். 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பின்னர் டயர் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பாடியில் மோட்டார் உதிரி பாகத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கூலி வேலை செய்துகொண்டிருந்த நம் பெற்றோர், சங்கு ஊதும் ஓசையைக் கேட்டு எழத் தொடங்கிய காலம் அது.

அந்தத் தொழிற்பேட்டையின் சிறு கடைசல் பட்டறை ஒன்றில், பத்தாம் வகுப்பில் தவறிய பதினேழு வயதுப் பையனாக நான் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். இரும்புச் சுருள்களைப் பெருக்குவதும் தேநீர் வாங்கி வருவதும் என் வேலை. மூத்த தொழிலாளி உணவுக்குச் செல்லும் நேரத்தில் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்றேன். மூன்றாண்டுகளில் வரைபடத்தைப் பார்த்து, மைக்ரோமீட்டர் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடையும் அளவுக்குக் கை தேர்ந்தது.

எங்கள் பட்டறை, பெரிய நிறுவனம் ஒன்றுக்கு ஒரு சிறு உதிரி பாகத்தைச் செய்து கொடுத்து வந்தது. அதைக் கடைந்தவன் நான். பெட்டி பெட்டியாக அங்கே போகும். குறையென்று திரும்பி வந்தவை மிகச் சிலவே. ஒருநாள் அந்த நிறுவனம் கடைசல் தொழிலாளர்களை எடுப்பதாகக் கேள்விப்பட்டு, வெளுத்த சட்டை அணிந்து சென்றேன். வாயிலில் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறதா?" இல்லை என்றேன். அவ்வளவுதான், உள்ளே செல்ல முடியவில்லை. என் கையால் செய்த பொருளுக்கு அந்த வாயிலில் தடையில்லை. அதைச் செய்த கைக்குத்தான் தடை.

இந்தக் கதையை மட்டும் கேட்டால், "சான்றிதழைத் தூக்கி எறியுங்கள், திறமையைப் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றும். பல காலம் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

எங்கள் பட்டறைக்கு ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். கருவியைப் பிடிக்கும் முறையை நான் அவருக்குக் காட்டினேன். கணக்கையும் வரைபடத்தின் நுணுக்கத்தையும் அவர் எனக்குக் காட்டினார். அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராகவும் எழுதலாம் என்று அவர்தாம் சொன்னார். விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் அவரே நிரப்பிக் கொடுத்தார். வேலை நேரம் போக இரவில் படித்து, இரண்டாவது முறையில் தேறினேன்.

சான்றிதழோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய மற்றொரு பட்டறைக்குச் சென்றேன். அதன் உரிமையாளர் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காகிதத்தை நான் பார்ப்பதில்லை தம்பி, ஆளைத்தான் பார்ப்பேன்" என்றார். எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. இயந்திரத்தின் முன் நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?" என்று கேட்டார். "காலனிதான் ஐயா" என்றேன். "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். "சரி தம்பி, சொல்லி அனுப்புகிறேன்" என்றார். அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை. சான்றிதழே இல்லாத வேறொரு பையன் அந்த வாரமே அங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்று பின்னர் அறிந்தேன்.

பெரியோர்களே! முதல் இடத்தில் சான்றிதழ் இல்லை என்று தள்ளப்பட்டேன். இரண்டாம் இடத்தில் சான்றிதழ் வேண்டாம், ஆளைப் பார்ப்போம் என்று சொல்லித் தள்ளப்பட்டேன். இரண்டு இடத்திலும் என் கை வேலையை எவரும் பார்க்கவில்லை. ஆகவே, திறமையா சான்றிதழா என்று கேட்பதற்கு முன், திறமையை அளக்கும் கோல் எது, அது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

'இயல்பான திறமை' என்ற பழைய சொல்

பிறப்பை வைத்துத் திறமையை முடிவு செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்களின் ஆட்சியில் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ஒரு வேளை மட்டும் படிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் தம் தந்தையின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏட்டுக் கல்வியைவிடக் கைத்தொழில் மேலானது என்ற அழகிய விளக்கம் அதற்குத் தரப்பட்டது. குயவர் பிள்ளைக்குச் சக்கரம். சலவைத் தொழிலாளி பிள்ளைக்குத் துறை. சேரிப் பிள்ளைக்கு எது? அதைச் சொல்லத் தேவையில்லை. தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் குலக் கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

கைத்தொழில் இழிவானது என்று நம் முன்னோர் அதை எதிர்க்கவில்லை. கைத்தொழிலில் வாழ்ந்தவர்கள்தாமே அவர்கள்? பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைப் பிள்ளையின் அறிவைப் பார்க்காமல் தகப்பனின் சாதியைப் பார்த்து முடிவு செய்ததையே எதிர்த்தார்கள். மலக்குழியில் இறங்கும் வேலைக்கு எந்தக் காலத்திலாவது, எந்த முதலாளியாவது சான்றிதழ் கேட்டதுண்டா? அங்கே பிறப்பே சான்றிதழாக இருந்தது. 2013-இல் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றிய பின்பும் நம் மக்கள் அக்குழிகளில் மாண்டுகொண்டிருக்கிறார்கள்.

அதே வேளையில், தேர்வும் பட்டமும் எப்போதும் நமக்கு நண்பர்களாக இருந்தன என்றும் சொல்வதற்கில்லை. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1893-இல், இரட்டைமலை சீனிவாசனாரும் பறையர் மகாஜன சபையாரும் அதனை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். எழுத்தறிவே மறுக்கப்பட்ட ஒரு மக்களுக்கும், தலைமுறை தலைமுறையாக ஏட்டைக் கையில் வைத்திருந்தோருக்கும் ஒரே தேர்வை வைத்தால், அதன் முடிவு தேர்வுக்கு முன்பே எழுதப்பட்டதாகும். ஆட்சி முழுவதும் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். இன்று நாம் தேர்வுகளை நம்பி இருக்கிறோம். அன்று அவர்கள் தேர்வுக்கு அஞ்சினார்கள். முரண்போலத் தோன்றினும் இரண்டிலும் உள்ள நியாயம் ஒன்றே. அளக்கப்படுவோர் அனைவருக்கும் கற்க வாய்ப்பு இருந்ததா என்று கேட்காத அளவுகோல் நேர்மையான அளவுகோல் ஆகாது.

பட்டம் மட்டுமே காப்பாற்றும் என்பதும் உண்மையன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்று, 1917-இல் பரோடா அரசில் பணியேற்கச் சென்றபோது, அந்நகரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. அத்தனை பட்டங்களும் ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. ஆயினும் அண்ணல் பட்டங்களை வீசி எறிந்தாரா? இல்லை. மீண்டும் இலண்டன் சென்று மேலும் கற்றார். பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மிகுந்த இட ஒதுக்கீடு கிடைக்கக் காரணமாக இருந்தார். பட்டமும் வேண்டும், பட்டத்தை மதிக்கச் செய்யும் விதியும் வேண்டும் என்பதை அவர் வாழ்வே காட்டுகிறது.

பெயரைப் பார்க்கும் கண்

"இதெல்லாம் பழங்கதை, இன்றைய தனியார் நிறுவனங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமையை மட்டுமே பார்க்கின்றன" என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். பேராசிரியர் சுகதேவ் தோரட் அவர்களும் பால் அட்டெவெல் அவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. நாளேடுகளில் வெளிவந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் அனுபவமும் ஒத்த விண்ணப்பங்களில் பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதியைக் காட்டும் பெயர், மற்றொன்றில் தலித் பெயர், இன்னொன்றில் முசுலிம் பெயர். நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு நூறு என்று கொண்டால், தலித் பெயருக்கு ஏறத்தாழ 67-ஆகவும், முசுலிம் பெயருக்கு 33-ஆகவும் இருந்தது.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் ஆள் எடுக்கும் அதிகாரிகள் பலரைக் கண்டு பேசி எழுதிய ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணியையும் கேட்டறிவதாகச் சொன்னார்கள். பூந்தமல்லிச் சாலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி குளிரூட்டப்பட்ட அறையிலும் கேட்கப்படுகிறது என்பதை அதனால் அறியலாம்.

காகிதம் சமமாக இருக்கும்போதே இவ்வளவு வேறுபாடு என்றால், காகிதத்தையும் நீக்கிவிட்டு, "உன் திறமையை நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒருவர் கூறினால் நம் நிலை என்னவாகும்? சான்றிதழில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆயினும் அதில் எழுதிய மதிப்பெண்ணை ஆளின் முகத்தைப் பார்த்து எவரும் மாற்ற முடியாது. ஆகவேதான் நம் தாய்மார்கள் வீடு ஒழுகினாலும் சான்றிதழை மட்டும் நனையாமல் பெட்டிக்குள் வைத்துக் காக்கிறார்கள்.

தேவைக்கு மிஞ்சிய தகுதி

நிற்க. சான்றிதழின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2019-இல் நம் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குவோர், துப்புரவுப் பணியாளர் ஆகிய 14 இடங்களுக்கு விண்ணப்பம் கோரப்பட்டபோது, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் பட்டதாரிகளும் மேலாண்மைப் பட்டதாரிகளும் அவர்களுள் இருந்தார்கள். ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் நிற்கும்போது, ஆள் எடுப்பவர் கூட்டத்தைக் குறைக்க எளிய வழி தேடுகிறார். பத்தாம் வகுப்புப் போதும் என்ற இடத்தில் பட்டம் கேட்கிறார். வேலை மாறவில்லை, வாயிற்படி மட்டும் உயர்கிறது. அந்தப் படியை முதலில் தவற விடுபவன், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளையே.

இவ்வாறு தேவையின்றித் தகுதியை உயர்த்துவது நியாயமா என்ற கேள்வி கடல் கடந்தும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் மின் நிறுவனத்தின் மின் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த 95 பேரில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்கள் அனைவரும் பெருக்குதல், சுமத்தல் முதலிய கூலிப் பிரிவிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். அப்பிரிவின் மிக உயர்ந்த கூலி, மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த கூலியைவிடக் குறைவு. 1955-இல், மேற்பிரிவுகளுக்குச் செல்ல உயர்நிலைப் பள்ளிச் சான்று வேண்டும் என்று விதி செய்தார்கள். வேலை வாய்ப்பில் நிற வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965-இல் நடைமுறைக்கு வந்த நாளன்றே, பொது அறிவுத்திறனை அளப்பது ஒன்றும் இயந்திர அறிவை அளப்பது ஒன்றுமாக இரு தேர்வுகளையும் புகுத்தினார்கள். அச்சான்று இல்லாத வெள்ளையர் பலர் முன்பே மேற்பிரிவுகளில் அமர்ந்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பள்ளிச் சான்றானாலும் திறனறி தேர்வானாலும், அது குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ஆற்றலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். தொடர்பில்லாத ஒன்று ஒரு சாராரை வெளியே நிறுத்துமானால், முதலாளியின் எண்ணம் நல்லதா கெட்டதா என்று ஆராயத் தேவையில்லை, அது சட்ட விரோதமே என்று அந்நீதிமன்றம் கூறியது. நரி கொக்கை விருந்துக்கு அழைத்துத் தட்டையான தட்டில் உணவு வைத்த கதையை அத்தீர்ப்பு நினைவுபடுத்துகிறது. விருந்துக்கு அழைத்தால் மட்டும் போதாது. உண்ணக் கூடிய பாத்திரத்தில் பரிமாற வேண்டும்.

அந்த வழக்கில் சான்றிதழும் கெட்ட பெயர் வாங்கியது. திறனறி தேர்வும் கெட்ட பெயர் வாங்கியது. இரண்டும் ஒரே வாயிற்கதவின் இரு பூட்டுகளாக இருந்ததே காரணம்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய தீர்ப்பு ஒன்று உண்டு. கேரளத்தில் பதிவுத் துறையின் கீழ்நிலை எழுத்தர்கள் மேல்நிலைக்குச் செல்லத் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்கள் முதலில் பதவி உயர்வு பெற்றுப் பின்னர்க் குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்வை முடிக்கலாம் என்று 1972-இல் அம்மாநில அரசு சலுகை அளித்தது. இது சமத்துவத்துக்கு மாறானது என்று வழக்கு வந்தது. எழுவர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 1975-இல் ஐவர் பெரும்பான்மையால் அச்சலுகையை ஏற்றது. தேர்வே வேண்டாம் என்று நீதிமன்றம் கூறவில்லை. தேர்வுக்கு ஆயத்தமாகக் காலம் தருவதும் சமத்துவத்தின் பகுதியே என்று கூறியது. தாமஸ் வழக்கு என்று சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இதனைப் படித்திருப்பார்கள்.

இயந்திரத்தின் முன் நான்கு மணி நேரம்

அப்படியானால் ஆள் எடுப்போர் என்ன செய்ய வேண்டும்? என் கதையின் எஞ்சிய பகுதியில் விடை இருக்கிறது.

மூன்றாவதாக ஓர் இடத்துக்குச் சென்றேன். அங்கே எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவு இரும்புத் தண்டு, நான்கு மணி நேரம். ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது, பெயர் இல்லை. வேலை முடிந்ததும் தண்டுகளை எடுத்துச் சென்று, வேறோர் அறையில் இருந்தவர் அளந்தார். எவர் கடைந்தது என்று அவருக்குத் தெரியாது. மாலையில் எண்களைப் படித்தார்கள். என் எண் இரண்டாவதாக வந்தது. அந்த இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். என் மக்கள் இருவரும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

அந்த நான்கு மணி நேரத்தில் இருந்த நியாயங்களை எண்ணிப் பாருங்கள். செய்யப் போகும் வேலையையே செய்யச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். அளந்தது மைக்ரோமீட்டர்; மனிதனின் விருப்பு வெறுப்பு அன்று. அளப்பவருக்குப் பெயர் தெரியாது. முடிவு அனைவர் முன்னிலையிலும் படிக்கப்பட்டது. திறமைக்கு மதிப்பளிப்பது என்றால் இதுதான். இவை இல்லாமல் திறமை என்று சொல்வது, பழைய சாதிக் கண்ணுக்குப் புதிய மூக்குக் கண்ணாடி மாட்டுவதே ஆகும்.

உடை தைக்கும் நிறுவனங்களில் வேலைக்குச் செல்லும் நம் பெண்களுக்கு இம்முறை புதிதன்று. பெரும்பாலும் தையல் இயந்திரத்தில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்லியே எடுக்கிறார்கள். ஆனால் பத்தாண்டுகள் தைத்த பிறகும் மேற்பார்வையாளர் இடம் என்று வரும்போது, தையல் ஊசியையே பிடித்தறியாத பட்டதாரி மேலே வந்து அமர்கிறார். கீழ்ப் படிக்குத் திறமை, மேற்படிக்குச் சான்றிதழ் என்ற இந்த இரட்டை வழக்கத்தை நாம் கேள்வி கேட்க வேண்டும். எளிய வேலைக்கு மட்டும் எங்கள் திறமையைப் புகழ்வோர், பதவி உயர்விலும் அதே திறமையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர், மின்கம்பத்தில் ஏறுபவர், கொதிகலன் இயக்குபவர் போன்றோருக்கு முறையான படிப்பும் உரிமமும் கட்டாயம் வேண்டும். அங்கே தவறு நேர்ந்தால் பிறர் உயிர் போகும். ஆனால் செய்முறைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் கண்டறியக் கூடிய வேலைக்குப் பட்டத்தை நிபந்தனையாக வைப்பதை எவரும் நியாயப்படுத்த முடியாது.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! உலகம் திருந்தும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. ஆகவே சில நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது: கையில் தொழில் இருந்தால் அதற்குச் சான்று பெறுங்கள். உரிய வயதும் வேலை அனுபவமும் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதற்கான அறிவிப்பை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவர்களும் தனித்தேர்வராக எழுதி முடிக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே நிற்பவனும் அவ்வாறு எழுதியவனே.

இரண்டாவது: தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்று கேட்பார்கள். சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏறாத தொழிலாளிக்கு அந்தச் சான்றைத் தர முதலாளிகள் தயங்குவார்கள். சேம நல நிதி, இ.எஸ்.ஐ. பாக்கிகள் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. நம் பிள்ளைகளின் திறமை காகிதம் இல்லாமல் போவது தேர்வு நாளில் அன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில். ஆகவே சேரும்போதே பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது: தொழிற்பழகுநர் பயிற்சியைச் சிறிதாக எண்ணாதீர்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தத்தால், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தனியார் தொழிற்சாலையிலும் நமக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் சட்டம் அது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது, பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒதுக்கிய இடங்கள் நிரப்பப்படுகின்றனவா என்று கேட்பது சங்கத்தின் கடமை.

நான்காவது: பட்டம் பெற்றவர்கள், பட்டம் பெற்றுவிட்டோம் என்பதற்காகக் கை வேலையை இழிவாக எண்ண வேண்டாம். நான் வேலை பழகிய தொழிற்பேட்டையில் இன்று கடைசல் பட்டறைகளுக்கு நடுவே கணினி நிறுவனக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கும் நுழைவதற்குப் பட்டம் கேட்கிறார்கள். நுழைந்த பின் நிலைத்திருப்பதற்குச் செய்து காட்டும் ஆற்றலைக் கேட்கிறார்கள். பட்டம் மட்டும் வைத்திருப்பவரும் தடுமாறுகிறார். ஆற்றல் மட்டும் வைத்திருப்பவரும் வெளியே நிற்கிறார்.

சங்கத்தாருக்கு

இறுதியாக, வெள்ளி விழா நிதியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இயந்திரம் வாங்குவோம் என்போருக்கும், மாலை வகுப்பைத் தொடர்வோம் என்போருக்கும் என் பணிவான விண்ணப்பம் ஒன்றுதான். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள். பள்ளியை விட்டு விலக்கிப் பட்டறைக்கு அனுப்பினால், 1953-இல் பிறர் செய்ய முயன்றதை நாமே செய்தவர்கள் ஆவோம். பட்டறையில் நிற்கும் பிள்ளையைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டுப் பட்டதாரிகளை மட்டும் மேடையில் ஏற்றிப் பாராட்டினால், என்னைப் போன்றவன் வாயிற்படியில் நின்றது நின்றபடியே இருப்பான்.

பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயர்களைத் தெருத் தெருவாகச் சென்று பட்டியல் எடுங்கள். அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்கணக்கும் வரைபடமும் கற்பிக்க ஒரு வகுப்பைத் தொடங்குங்கள். அவர்கள் தனித்தேர்வு எழுதக் கட்டணத்தை இந்நிதியிலிருந்து செலுத்துங்கள். மாலை வகுப்பில் படிக்கும் பிள்ளைகளையும் வாரம் ஒருமுறை ஓர் இயந்திரத்தின் முன் நிறுத்துங்கள். என் விண்ணப்பத்தை ஓர் இளைஞர் நிரப்பிக் கொடுத்தார். அவர் அன்று செய்ததை இச்சங்கம் நூறு பேருக்குச் செய்யட்டும். ஞாயிறு வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும் என்றால், என் கண்ணும் கையும் உள்ளவரை ஊதியமின்றி வரச் சித்தமாக இருக்கிறேன்.

ஆள் எடுப்போரிடம் நாம் கேட்பது இரக்கம் அன்று. எங்கள் பிள்ளைகளின் ஊரைக் கேட்காதீர்கள், தெருவைக் கேட்காதீர்கள். தண்டில் எண்ணைப் பொறித்து, இயந்திரத்தின் முன் நிறுத்துங்கள். கற்க வாய்ப்பில்லாதவனுக்குக் கற்கக் காலம் கொடுங்கள். அளந்து பார்த்துச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு உட்பட நாங்கள் என்றும் அஞ்சியதில்லை.